எதிரியின் பெயர்

விருத்தாசலம்
12.4.2006

தங்கை சொர்ணாம்பாளுக்கு,

இங்கே நானும் வீரம்மாளும் சுகம். அங்கே உன் சுகத்தையும் உன் மகள் பிரபாவின் சுகத்தையும் அறிய ஆவல். மாப்பிள்ளையின் சுகத்தைக் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். வேண்டுமென்றேதான் கேட்கவில்லை.

ஓசூர் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ் கிடைத்தது. கையெழுத்து வாங்கும்போது தபால்காரர், "என்ன சார், பதிவுத் தபாலு, ஏதாச்சும் நல்ல சேதிங்களா?" என்று கேட்டார். கூடப்பிறந்தவள் அனுப்பியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்.ஐ.சி. என்று சொன்னேன்.

அப்பா விட்டுப்போன நான்கு ஏக்கரில் உனக்குச் சரிபாதி வேண்டுமாம். அதுவும் கிணறு இருக்கிற வடக்குப் பாதியே வேண்டுமாம். போன வருஷம் சட்டம் மாறிவிட்டதாம். பதினைந்து நாளில் நான் பதில் சொல்ல வேண்டுமாம். இருபத்து மூன்று வருஷமாக ஓசூரில் இருக்கிறவளுக்கு இங்கே மண் எந்த நிறம் என்றாவது நினைவிருக்கிறதா?

எனக்கு வக்கீல் கிடையாது. ஆகவே மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டிவிட்டேன். நம் ஊர்ப் பழக்கம் உனக்கு மறந்திருக்கலாம், சொல்லிவிடுகிறேன். கோர்ட்டுக்கு எழுதுகிற மாதிரியே வெள்ளைத்தாளில் மனுதாரர் பெயர், எதிரி பெயர், குறை எல்லாம் எழுதி, சாமி காலடியில் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதி வேலில் நூலால் கட்டுவது. மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்த்துவிடும். வாய்தா கிடையாது.

எதிரி என்ற இடத்தில் உன் புருஷன் பாலகிருஷ்ணன் பெயரை எழுதியிருக்கிறேன். இந்த யோசனை உனக்கு வந்திருக்காது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு வாரிசுச் சட்டம் எங்கே தெரியப்போகிறது? எழுதியது வக்கீல், எழுதச் சொன்னது அவர். நீ கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறாய். எதிரிக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்று கோயிலில் விதி இல்லை. நான் நாகரிகம் தெரிந்தவன் என்பதால் தெரிவிக்கிறேன்.

மல்லாட்டை, உங்கள் ஓசூர்க்காரர்கள் கடலைக்காய் என்பார்களே, அடுத்த வாரம் பிடுங்க வேண்டும். முந்திரி பழுக்க ஆரம்பித்துவிட்டது. வெயில் தாங்கவில்லை.

போன் செய்யாதே. பேசியதை நாளைக்குப் பேசவில்லை என்று சொல்லிவிடலாம். எழுதியதை அப்படிச் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
பழமலைநாதன்


ஓசூர்
20.4.2006

அன்புள்ள அண்ணனுக்கு சொர்ணாம்பாள் எழுதிக்கொண்டது. நானும் பிரபாவும் நல்லபடியாக இருக்கிறோம். அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். வெயிலில் நீங்கள் தலையில் துண்டு இல்லாமல் போகாதீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மல்லாட்டை பிடுங்குவதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு தண்ணீர் விட்டுவிடுங்கள். வடக்குப் பக்கம் மண் காய்ந்தால் இறுகிவிடும். செடிதான் கையோடு வரும், காய் பாதி மண்ணிலேயே நின்றுவிடும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிராதிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுங்கள். மற்றதை எல்லாம் பிறகு எழுதுகிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கை,
சொர்ணாம்பாள்


விருத்தாசலம்
25.4.2006

தங்கை சொர்ணாம்பாளுக்கு,

நாங்கள் நலம். நொச்சி ஒத்தடம் கொடுத்ததில் வீரம்மாளுக்கு வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. இதை நான் எழுதவில்லை, அவள் எழுதச் சொன்னாள்.

உன் கடிதத்தில் பயம் தெரிகிறது. பிராது வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஓசூர் வரைக்கும் எட்டுமா என்று எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

அவர் பெயரை எதற்காக எடுக்க வேண்டும்? 1983-ல் உன் கல்யாணத்தில், அழைத்துவர அனுப்பிய காரில் புழுதி இருக்கிறது என்று அரை மணி நேரம் ஏறாமல் நின்றவர் அவர். அந்தக் காரை நானே மங்கலம்பேட்டையிலிருந்து கெஞ்சி வாங்கிவந்திருந்தேன். 1996-ல் அப்பா காரியத்தன்று, பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி சாம்பாரில் உப்பில்லை என்றார். உப்பு இருந்தது. 1999-ல் பீங்கான் பேட்டையில் சூளை மேற்பார்வை வேலையை என்னிடமிருந்து பிடுங்கி முதலாளி தன் மருமகனிடம் கொடுத்தானே, அப்போது ஆறுதல் சொல்ல வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "உங்க படிப்புக்கு நெலமே போதும் மச்சான்." ஏழு வருஷமாக அந்த வாக்கியத்தை நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அதில் நல்ல அர்த்தம் இல்லை.

இப்போது அந்த நிலமும் வேண்டும் என்கிறார். அதையும் நேராகக் கேட்க வாய் வராமல் உன்னை முன்னால் நிறுத்தியிருக்கிறார். மாப்பிள்ளை எனக்கு ஒரு வரி ஏன் எழுதவில்லை? அவருக்குக் கை இல்லையா?

பெயரை எடுக்க மாட்டேன். பிரபாவுக்கு என் ஆசி.

பழமலைநாதன்


ஓசூர்
5.5.2006

அண்ணனுக்கு வணக்கம். உங்களுக்கும் அண்ணிக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கத்திரி தொடங்கிவிட்டது, மோர் குடியுங்கள்.

யோசனை என்னுடையது. வக்கீலைத் தேடிப் போனது நான். டவுன் பஸ்ஸில் போய், அவர் மாடியில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, வடக்குப் பாதி என்று எழுதச் சொன்னதும் நான்தான். வக்கீல் தெற்குப் பக்கம் ரோடு இருக்கிறதே அம்மா, அதைக் கேளுங்கள் என்றார். வேண்டாம் என்றேன். நோட்டீஸ் போன பிறகுதான் பிரபாவின் அப்பாவுக்கு விஷயம் தெரியும்.

எதற்கு வக்கீல் என்று நினைப்பீர்கள். இரண்டு வருஷத்தில் இரண்டு முறை கடிதத்தில் கேட்டேன். முதல் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இரண்டாவதுக்கு, மாவடுவில் எவ்வளவு விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டும் என்று அண்ணி சொன்னதை எழுதி அனுப்பினீர்கள். நான் அதைக் கேட்கவே இல்லை.

அவர் பெயரில் உள்ள பிராதை ராஜினாமா செய்து திரும்ப வாங்கிவிட்டு என் பெயரில் கட்டுங்கள். எதிரி சொர்ணாம்பாள் என்று எழுதுங்கள். சாமி என்னை விசாரிக்கட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நிலத்தைக் கேட்பது நான். சண்டை போடுவதும் நான். எதிரியாகக்கூட என்னை ஒரு ஆளாக எழுத உங்களுக்கு மனசு வரவில்லையே அண்ணா.

அண்ணிக்கு என் அன்பு.

சொர்ணாம்பாள்


விருத்தாசலம்
10.5.2006

சொர்ணாம்பாளுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நீ எழுதியிருக்கிறாய். மாவடு விஷயம் மட்டும் உன்னுடையதாக இருக்கலாம்.

உன் பெயரை எழுத மாட்டேன். பாதி ஊருக்கு என்னைத் தெரியும். பழமலைநாதன் கூடப்பிறந்தவளை எதிரி என்று சாமிக்கு எழுதிக் கட்டினான் என்று டீக்கடையில் பேசுவார்கள். நீ ஓசூரில் இருப்பாய். கேட்டுக்கொண்டு டீ குடிக்க வேண்டியவன் நான்.

மல்லாட்டை பிடுங்கியாயிற்று. நீ சொன்னபடி தண்ணீர் விடவில்லை. மும்முனைக் கரண்ட் வரவில்லை என்று காரணம் எழுதலாம். வந்தது. நீ சொன்னதால் விடவில்லை. மண் கல்லாக இறுகிவிட்டது. பிடுங்க வந்த பெண்கள் இருபது பேரும் அன்று முழுக்க என்னை வைத்துச் சிரித்தார்கள். "இன்னா சார், போட்ட வெதைய பூமிக்கே திருப்பிக் குடுத்துட்டீங்க?" என்றாள் ஒருத்தி. "எம்மே படிச்ச மல்லாட்ட, வெளிய வர வெக்கப்படுது" என்றாள் இன்னொருத்தி. பிறகு களைக்கொத்தால் கிளறி ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். இரண்டு நாள் வேலை நான்கு நாள் ஆயிற்று.

வீரம்மாள் கஞ்சிப் பானையை இறக்கிவைத்துவிட்டு எல்லார் எதிரிலும் கேட்டாள். "தங்கச்சி தண்ணி வுடச் சொல்லி எழுதியிருந்தாங்களாமே. என்னாண்ட சொல்லியிருந்தா நானாச்சும் மோட்டார போட்டிருப்பேன் இல்ல?"

"உனக்கு யாரு சொன்னது?"

"கடுதாசிய நடு வூட்டுல வெச்சிட்டுப் போனா நான் படிக்காமயா இருப்பேன்? மண்ணு அவங்க பேச்சக் கேக்குது. நீங்கதான் கேக்க மாட்டேங்கறீங்க."

இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதிவிட்டேன். வீட்டில் வேறு தாள் இல்லாததால் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

பழமலைநாதன்


விருத்தாசலம்
29.5.2006

சொர்ணாம்பாளுக்கு,

சுகம். உன் சுகத்தைச் சொல்லிக் கடிதம் இல்லை.

பத்தாம் தேதி எழுதியதற்குப் பதில் வராததைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. தபால் இலாகா ஒழுங்காக நடக்கிறதா என்பதுதான் கவலை. தபால்காரரிடம் கேட்டேன். "வந்தா குடுக்க மாட்டனா சார்? நான் என்னா வெச்சிக் குழம்பா வெக்கப் போறேன்?" என்கிறார். மரியாதை குறைந்துவிட்டது.

முந்திரி முடியும் தறுவாயில் இருக்கிறது. காலையில் மரத்தடியில் விழுந்த பழங்களிலிருந்து கொட்டையைத் திருகி எடுக்கும்போது கையெல்லாம் பால் பட்டு இந்த வருஷம் தோல் உரிந்துவிட்டது. மங்கலம்பேட்டை பாய் கொட்டை எடுக்க வந்தவர், "தங்கச்சி ஓசூர்ல சௌக்கியமா? அவங்க கல்யாணத்துக்கு எங்க வாப்பா காரு குடுத்தாங்களே" என்றார். சௌக்கியம் என்று சொல்லிவைத்தேன். அது சரிதானா என்று எழுது.

புதன்கிழமை கோடை மழை. கிணற்றில் இரண்டு அடி ஏறியிருக்கிறது.

பிராது கட்டி ஒன்றரை மாதம் ஆகிறது. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. தேதியைச் சொன்னேன்.

பழமலைநாதன்


ஓசூர்
3.6.2006

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் பிரபாவின் வணக்கங்கள். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

அப்பாவுக்குத் தை மாதக் கடைசியில் பக்கவாதம் வந்துவிட்டது மாமா. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும். எங்களுக்குப் பழகிவிட்டதால் புரியும். அம்மா யாருக்கும் சொல்லக் கூடாது என்றுவிட்டார்கள், உங்களுக்கு முக்கியமாக. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கம்பெனி வீட்டை ஆகஸ்டில் காலி செய்ய வேண்டும். போன மாதம் பதினைந்தாம் தேதி மூச்சுத்திணறல் வந்து இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். அதனால்தான் அம்மாவிடமிருந்து பதில் இல்லை.

உங்கள் கடிதங்களை அம்மா அப்பாவுக்குப் படித்துக் காட்டுவார்கள், ஒரு வரி விடாமல். அவருக்குக் கை இல்லையா என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் அம்மா நிறுத்திவிட்டார்கள். அப்பாதான் மேலே படி என்று சைகை செய்தார். படித்ததும் சிரித்தார். அவருக்குப் பாதி வாய்தான் சிரிக்கும். பிறகு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, "மச்சான் கரெக்டாத்தான் கேக்கறாரு" என்றார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

நிலத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது மாமா. பிராதை மட்டும் எடுத்துவிடுங்கள். எனக்குச் சாமி நம்பிக்கை அதிகம் கிடையாது. இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அவசரம் என்றால் கூப்பிட எங்கள் வீட்டு போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அத்தையை வணங்குகிறேன்.

பிரபா


விருத்தாசலம்
8.6.2006

தங்கை சொர்ணாம்பாளுக்கு,

மாப்பிள்ளை உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு எப்படித் தெரியும் என்று யாரையும் விசாரிக்காதே. தெரியும்.

நேற்று மணவாளநல்லூர் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். பிராதைத் திரும்பப் பெறுவதற்கு அங்கே அதுதான் பெயர் என்று உனக்கே தெரிந்திருக்கிறது. எழுதி வாங்கிக்கொள்கிறவர், "காரியம் ஆயிடுச்சிங்களா?" என்று கேட்டார். ஆகவில்லை என்றேன்.

"ஆவாம எதுக்கு சார் ராஜினாமா? இன்னும் நாளு இருக்குதே."

"எதிரி தப்பு."

"எதிரி தப்பு பண்ணாருன்னுதான பிராது குடுக்கறது?"

"நான் தப்பான ஆள எழுதிட்டேன்யா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சவங்க மாதிரி இருக்கறீங்க" என்றார். வேலில் நூற்றுக்கணக்கில் தாள்கள் தொங்குகின்றன. என்னுடையது எது என்று எனக்கே தெரியவில்லை. சாமிக்குத் தெரிந்தால் சரி.

கையைப் பற்றி நான் எழுதிய வரியை எழுதியிருக்கக் கூடாது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏன் மறைத்தாய்? நான் என்ன அவ்வளவு கல்நெஞ்சனா? ஒரு கார்டு போட்டிருந்தால் ஓடி வந்திருப்பேன். மூட்டை கட்டி அனுப்பியிருப்பேன். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இரண்டு மூட்டை மல்லாட்டையும் ஒரு மூட்டை முந்திரிக்கொட்டையும் வேப்பூர் போய் ஓசூர் லாரியில் போட்டுவிட்டு வந்தேன். நான் இருக்கிறவரை இது வந்துகொண்டே இருக்கும். நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கொள். அதோடு விஷயம் முடிந்தது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்,
பழமலைநாதன்


ஓசூர்
17.6.2006

அண்ணனுக்கு,

அவர் இப்போது பரவாயில்லை. தடி ஊன்றி நாலு அடி நடக்கிறார். நீங்கள் விசாரித்ததைச் சொன்னேன். ராஜினாமா கொடுத்ததற்கு நன்றி. அது அவருக்காக. எனக்கும் உங்களுக்கும் உள்ள வழக்கு அப்படியே இருக்கிறது.

மூட்டைகள் வந்தன. பிரிக்கவில்லை. பிரபா அதே லாரி ஆபீஸில் திருப்பிப் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை வேப்பூரில் எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைய விடாதீர்கள், முளை விட்டுவிடும்.

ஏன் மறைத்தாய் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்காகத்தான். சொல்லியிருந்தால் மூட்டை அனுப்பியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். புருஷன் விழுந்துவிட்டான், பாவம், அதனால் அண்ணன் கொடுத்தான் என்று ஆகியிருக்கும். அவர் ஓடியாடிக்கொண்டிருந்த காலத்திலும் நான் இரண்டு முறை கேட்டேன். அப்போது என்ன பாவம் எனக்கு? எனக்குத் தருமம் வேண்டாம், பாகம் வேண்டும்.

மண் எந்த நிறம் என்று தெரியுமா என்று முதல் கடிதத்தில் கேட்டீர்கள். நீங்கள் சிதம்பரத்தில் காலேஜில் சேர்ந்த வருஷம் என்னை ஸ்கூலிலிருந்து நிறுத்தினார்கள். கல்யாணம் ஆகும் வரைக்கும் ஒன்பது வருஷம் வடக்குப் பக்கத்துக்கு மடை திருப்பியவள் நான். கிணற்றிலிருந்து ஆறாவது பாத்தி வரைக்கும் செம்மண். அதற்கப்புறம் வெளுத்த மண், தண்ணீர் நிற்காது. ஈசான மூலையில் ஒரு சுக்கான் பாறை இருக்கிறது, அங்கே ஏர் பிடிக்காது. மேற்கே ஓரத்தில் எறும்புப் புற்று வருஷா வருஷம் வரும். இப்போதும் வருகிறதா?

நீங்கள் எம்.ஏ. முடித்து வந்தபோது அப்பா ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். அன்றைக்கும் நான் மடையில்தான் இருந்தேன். யாரும் வந்து கூப்பிடவில்லை. இதை இதுவரைக்கும் யாரிடமும் நான் சொன்னதில்லை. நீங்கள் மட்டும்தான் வருஷம் தேதியோடு மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்காதீர்கள்.

நான் நிலத்தை விற்கக் கேட்கவில்லை. பயிர் வைக்கக் கேட்கிறேன். ஆடிப்பட்டத்துக்கு வர வேண்டும். கோர்ட்டானாலும் சரி, கோயிலானாலும் சரி, என் பெயரை எழுதுங்கள்.

அண்ணியின் முழங்கால் எப்படி?

சொர்ணாம்பாள்


விருத்தாசலம்
28.6.2006

சொர்ணாம்பாளுக்கு,

நலம். வீரம்மாள் முழங்கால் தேவலை. மாப்பிள்ளையின் நாலு அடி எட்டு அடி ஆக வேண்டும்.

எறும்புப் புற்று வருகிறது.

நீ கேட்டபடியே செய்யலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மணவாளநல்லூர் போனேன். உனக்கு அவ்வளவு ஆசையென்றால் எழுதிவிடுவோம் என்று கோபத்தோடுதான் போனேன். தாள் வாங்கி எழுத உட்கார்ந்தேன். மனுதாரர் பழமலைநாதன், தகப்பனார் பெயர் ராஜமாணிக்கம் என்று எழுதினேன். எதிரி சொர்ணாம்பாள் என்று எழுதினேன். உன்னைப் பாலகிருஷ்ணன் மனைவி என்று எழுதினால் அவர் பெயர் மறுபடியும் சாமி முன்னால் போய்விடும். அது வேண்டாம் என்று தகப்பனார் பெயர் ராஜமாணிக்கம் என்று எழுதினேன். அதே ஆள் எட்டிப் பார்த்து, "மறுபடியும் தப்பா எழுதறீங்க சார். ரெண்டு எடத்துலயும் ஒரே பேரு இருக்குது" என்றார்.

"தப்பு இல்ல. சரியாத்தான் இருக்குது."

"அப்ப கொறைய எழுதுங்க."

குறையை எழுத வேண்டும். ராஜமாணிக்கம் நிலத்தை ராஜமாணிக்கம் மகள் கேட்கிறாள் என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். இதில் சாமி என்ன விசாரிக்கும்? வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். ஏழு வருஷமாக வெயிலில் நின்று பாடுபட்டவன் நான் என்று ஆரம்பித்தேன். ஒன்பது வருஷம் என்று நீ எழுதியிருக்கிறாய். அதுவும் நிற்கவில்லை.

எனக்குப் பின்னால் ஒரு அம்மாள், ஊர் சேத்தியாத்தோப்பாம், நின்றுகொண்டிருந்தாள். "சீக்கிரம் எழுதுப்பா, என் ஆடு காணாமப் போயி மூணு நாளு ஆவுது" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். புதுத் தாள் வாங்கி, கறுப்பு வெள்ளாடு, இடது கொம்பு ஒடிந்தது, நாலு மாதச் சினை என்று அவளுக்குப் பிராது எழுதிக் கொடுத்தேன். அவள் குறை நியாயமாக இருந்தது. என் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னிடம் தோற்றுவிட்டதாக நினைக்காதே. உனக்குக் கொடுக்கிறேன் என்றும் நினைக்காதே. கொடுக்க வேண்டாம் என்று நீயே எழுதிவிட்டாய். சாம்பாரில் உப்பு இருந்தது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நேற்று நல்ல மழை. இன்று காலை சாமிதுரை டிராக்டர் கொண்டுவந்தான். நான் காலடியால் அளந்து நடுவில் நான்கு குச்சி நட்டு, தெற்கே மட்டும் உழச் சொன்னேன். உழுது முடித்துவிட்டு அவன் வண்டியை அணைக்காமலே கேட்டான். "வடக்கால ஈரம் நல்லா இருக்குது, ஒரு ஓட்டு ஓட்டிடட்டுமா சார்?"

வேண்டாம் என்றேன்.

"ஏன் சார், தரிசா போடறீங்க?"

"அது என்னுது இல்ல."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. வீரம்மாள் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கிவந்து ஒரு குச்சியை ஆட்டிப் பார்த்தாள்.

வடக்கே ஏர் வைக்கவில்லை. புல் முளைத்தால் முளைக்கட்டும், அது உன் புல். வந்து உழுதுகொள். கிணறு உன் பக்கம் இருக்கிறது. மோட்டார் நான் வாங்கியது. தண்ணீர் யாருடையது என்று நீயே வந்து சொல்.

பழமலைநாதன்


ஓசூர்
5.7.2006

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம். இங்கே மூவரும் நன்றாக இருக்கிறோம். மூவரும் என்று எழுதி ஆறு மாதம் ஆகிறது.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்தேன். உப்பு வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அன்றைக்கு அவர் இலைக்குத்தான் உப்பு வரவில்லையாம். அதை உங்களுக்குக் கட்டாயம் எழுத வேண்டும் என்கிறார். எழுதிவிட்டேன்.

தண்ணீர் ஒரு நாள் உங்களுக்கு, ஒரு நாள் எனக்கு. மோட்டாரில் ஏதாவது போனால் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் தங்க மாட்டோம். பெண்ணாடம் ரோட்டில் பிரபா வாடகைக்கு ஒரு வீடு பேசிவிட்டாள். பகலில் அவரைக் கிணற்றடி வேம்பு நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். பேசுவதானால் நீங்கள் வந்து பேசலாம். அவர் பதில் சொல்ல நேரம் ஆகும். நடுவில் நீங்களே முடித்துவிடாமல் காத்திருக்க வேண்டும்.

அண்ணி முந்தாநாள் போன் செய்தார்கள். உங்கள் குச்சிகளைத் தாண்டி, டிராக்டர் திரும்புகிற இடத்தில் வடக்கே எட்டடி உழுதிருக்கிறதாம். அண்ணியே கயிறு வைத்து அளந்தார்களாம். அதற்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். என் நிலத்தில் என்னைக் கேட்காமல் ஏர் வைத்திருக்கிறீர்கள். அந்த எட்டடி என்னுடையதுதான், உழவோடு சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். அதுவரைக்கும் வடக்கே யாரும் இறங்க வேண்டாம்.

சொர்ணாம்பாள்